ஜிரா கிளவுட் பேக்கப் கருவியின் ஏர்லி ஆக்சஸில் சேர்ந்தால் எதைச் சோதிப்பது?

கேள்வி: வேலைகளை டிக்கெட்டுகளாகப் பதிந்து பின்தொடரும் மென்பொருளான ஜிரா கிளவுடை எங்கள் நிறுவனத்தில் 180 பேர் பயன்படுத்துகிறோம். பேக்கப், ரீஸ்டோர் (பேக்கப்பிலிருந்து மீட்பது) கருவி ஒன்றின் ஏர்லி ஆக்சஸில், அதாவது பொது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் கட்டத்தில், சேர அழைப்பு வந்திருக்கிறது. சேரலாமா? சேர்ந்தால் எதை, எப்படிச் சோதிப்பது? இப்போது எடுத்துவரும் பேக்கப்பை நிறுத்திவிடலாமா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நிறுத்தாதீர்கள். ஏர்லி ஆக்சஸில் இருக்கும் கருவிக்குப் பொதுவாக எந்தச் சேவை உறுதியும் கிடையாது. பேக்கப் ஃபைலின் வடிவம் இடையில் மாறலாம், விலை பிறகு அறிவிக்கப்படலாம், திட்டமே கைவிடப்படலாம். கருவி பொது வெளியீட்டுக்கு வந்து, அதைக் கொண்டு நீங்களே ஒரு முழு ரீஸ்டோர் செய்து, எண்ணிக்கை எல்லாம் பொருந்துகிறது என்று பார்க்கும்வரை பழைய ஏற்பாடு அப்படியே ஓடட்டும். ஆனால் சேருங்கள். கருவி முழுதாக உருவாகிவிட்ட பிறகு சொல்லும் குறையைவிட இப்போது சொல்லும் குறைக்குத்தான் காது கொடுப்பார்கள்.

"கிளவுடில்தானே இருக்கிறது, அவர்களே பேக்கப் எடுப்பார்களே" என்று உங்கள் நிர்வாகம் கேட்கலாம். எடுக்கிறார்கள். ஆனால் அது அவர்களுடைய சர்வர் பழுதானால் மீள்வதற்கு. உங்கள் அட்மின் தவறுதலாக அழித்த ப்ராஜெக்ட்டைத் திருப்பித் தருவதற்குத் தங்கள் பேக்கப்பைப் பயன்படுத்துவதில்லை என்று ஜிராவின் நிறுவனமான அட்லாசியன் வெளிப்படையாகவே சொல்கிறது. அழித்த ப்ராஜெக்ட் ஜிராவின் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அவ்வளவுதான். ஒரு ஆட்டோமேஷன் விதி (தானாக ஓடும்படி வைத்த கட்டளை) தவறாக ஓடி 4,000 டிக்கெட்டுகளின் ஒரு ஃபீல்டை (தகவல் கட்டத்தை) மாற்றி எழுதிவிட்டால் குப்பைத்தொட்டி உதவாது.

சேவை தருபவர் பக்கமே தவறு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஏப்ரல் 5 நல்ல உதாரணம். பழைய செயலி ஒன்றை நீக்குவதற்காக அட்லாசியன் ஓட்டிய ஸ்கிரிப்டுக்கு, செயலியின் ஐடிகளுக்குப் பதிலாக வாடிக்கையாளர் சைட்டுகளின் ஐடிகள் போய்விட்டன. நீக்கும் ஏ.பி.ஐ. (ஒரு மென்பொருள் மற்றொன்றுக்குக் கட்டளை அனுப்பும் வழி) இரண்டையும் ஏற்றுக்கொள்ளும், எதை நீக்குகிறோம் என்று எச்சரிக்காது. 23 நிமிடத்தில் 775 வாடிக்கையாளர்களின் 883 சைட்டுகள் போயின. பேக்கப் இருந்தது, நன்றாகவும் இருந்தது. ஆனாலும் கடைசி வாடிக்கையாளருக்குச் சைட் திரும்பக் கிடைத்தது ஏப்ரல் 18 அன்று. காரணம், எல்லாருடைய டேட்டாவும் கலந்து கிடக்கும் அமைப்பில் சிலருடையதை மட்டும் பிரித்து, மற்றவர்களைத் தொடாமல் திருப்பி வைக்கும் தானியங்கிக் கருவி அப்போது அவர்களிடம் இல்லை. முதலில் மீட்கப்பட்ட சைட்டுகள் புதிய அடையாள எண்ணோடு உருவாக்கப்பட்டதால், அவற்றோடு இணைந்திருந்த செயலிகளை எல்லாம் மறுபடி இணைக்க வேண்டியிருந்தது. பிறகு பழைய அடையாள எண்ணையே திரும்பப் பயன்படுத்தும் வழியைக் கண்டார்கள், வேகம் கூடியது. சைட்டோடு சேர்ந்து வாடிக்கையாளரின் தொடர்பு விவரங்களும் அழிந்துபோனதால், பாதிக்கப்பட்டவர்களைத் தொடர்புகொள்வதே முதல் சில நாள் சிரமமாக இருந்தது.

பேக்கப் இருப்பதும் மீட்க முடிவதும் ஒன்றல்ல என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. ஆகவே நீங்கள் சோதிக்க வேண்டியது ரீஸ்டோரை. பேக்கப் திரையில் பச்சை டிக் வந்தால் வேலை முடிந்தது என்று மட்டுமே பொருள். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த டிக் சொல்லாது. சோதனைக்கு 40 மணி நேரம் ஒதுக்கினால் 35 மணி நேரம் ரீஸ்டோருக்குப் போகட்டும்.

எங்கே சோதிப்பது? உண்மையான சைட்டில் ஒருபோதும் ரீஸ்டோர் செய்யாதீர்கள். ஜிரா கிளவுடின் பழைய இறக்குமதி முறை, சைட்டில் ஏற்கெனவே இருப்பதை அழித்துவிட்டுத்தான் பேக்கப்பை ஏற்றும். புதிய கருவி அப்படிச் செய்யாது என்று ஆவணத்தில் எழுதியிருந்தாலும், அது உண்மையா என்று பார்ப்பதுதானே சோதனை. பிரீமியம் திட்டத்தில் இருந்தால் சாண்ட்பாக்ஸ் (சோதனைக்கென்று தனி இடம்) இருக்கும். ஸ்டாண்டர்டு என்றால் இல்லை. தனியாக ஒரு இலவச சைட் திறந்துகொள்ளுங்கள், 10 பயனர்களும் 2 ஜி.பி. இடமும் கிடைக்கும். சிறு சோதனைகளுக்கு அது தாராளம். முழு அளவுச் சோதனைக்கு மட்டும் பெரிய இலக்கு சைட் ஒன்றைக் கருவிக்காரர்களிடமே கேளுங்கள். ஏர்லி ஆக்சஸ் காலத்தில் கேட்கத் தயங்க வேண்டாம்.

ரீஸ்டோர் பட்டனை அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இலக்கு சைட்டில் அறிவிப்பு மின்னஞ்சல், ஆட்டோமேஷன் விதிகள், வெளியே சிக்னல் அனுப்பும் வெப்ஹுக்குகள் எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் மூன்று வருடம் முன்பு மூடிய டிக்கெட்டுக்கு "புதிதாக உருவாக்கப்பட்டது" என்று உங்கள் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போகும். சம்பள மென்பொருளோ வெளியீட்டு பைப்லைனோ வெப்ஹுக் வழியாக இணைந்திருந்தால் பாதிப்பு அதைவிடப் பெரிது. அடைக்க வழியே இல்லையென்றால், அதுதான் உங்கள் முதல் குறை அறிக்கை.

இனி சோதனை டேட்டா. நிஜ டேட்டாவின் நகலை மட்டும் வைத்துச் சோதித்தால், எது விட்டுப்போனது என்று கண்டுபிடிக்க முடியாது. உள்ளே என்ன இருந்தது என்று உங்களுக்கே முழுதாகத் தெரியாது. அதனால் ஒரு ப்ராஜெக்ட்டை நீங்களே கையால் கட்டுங்கள், 200 டிக்கெட் போதும். அதில் சிக்கலான எல்லாவற்றையும் வேண்டுமென்றே போடுங்கள். ஒரே டிக்கெட்டில் ஒரே பெயரில் இரண்டு அட்டாச்மென்ட். பூஜ்ய பைட் ஃபைல் ஒன்று, 1 ஜி.பி. ஃபைல் ஒன்று. வேறு ப்ராஜெக்ட்டுக்கு நகர்த்தப்பட்ட டிக்கெட். அதன் பழைய எண்ணைத் தட்டினால் புதிய இடத்துக்குப் போக வேண்டும். ஒரு குறிப்பிட்ட பொறுப்பில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி பூட்டிய கமென்ட். பாதுகாப்பு நிலை வைத்த டிக்கெட். ஒரே பெயரில் இரண்டு கஸ்டம் ஃபீல்ட் (நீங்களே சேர்த்த ஃபீல்ட்). செயலிழக்கச் செய்யப்பட்ட பயனரின் பெயரில் உள்ள டிக்கெட். நேரப்பதிவு, ஸ்பிரிண்ட் (குறுகிய வேலைச் சுற்று), அடுத்த ப்ராஜெக்ட்டோடு இணைப்பு. இடையில் சில டிக்கெட்டுகளை அழித்துவிடுங்கள். கடைசியாக உருவாக்கியதையும் அழியுங்கள். எண் 200 வரை போய், 200 அழிக்கப்பட்டிருந்தால், மீட்ட பிறகு உருவாகும் புது டிக்கெட் 201 ஆக வர வேண்டும். 200 என்றே வந்தால், பழைய மின்னஞ்சல்களிலும் நிரல் மாற்றக் குறிப்புகளிலும் (கோட் கமிட்) இருக்கும் 200 இனி வேறு ஒன்றைச் சுட்டும்.

தமிழில் டிக்கெட் எழுதும் குழுக்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். 'கொ' என்பதில் வரும் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பேக்கப் கருவி வழியில் ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிட்டால், ஃபைல் இருக்கும், ஆனால் அதன் பெயரைத் தேடினால் கிடைக்காது. இரண்டு வடிவிலும் ஃபைல் பெயர்கள் வைத்துச் சோதியுங்கள். அடுத்தது நீளம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும், யூனிகோடைச் சேமிக்கும் வழக்கமான முறையான யு.டி.எஃப்.-8-இல் 3 பைட். லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டத்தில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம்; ஆக 85 குறியீடுகள். 'கொ' என்பதே குறைந்தது இரண்டு குறியீடு என்பதால் அறுபது எழுத்துத் தலைப்பே வரம்பைத் தொட்டுவிடும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தவர்களுக்கு இது வருவதே இல்லை. இந்தக் குறையைத் தமிழ்க் குழுதான் கண்டுபிடித்துச் சொல்ல முடியும், தயவுசெய்து சொல்லுங்கள். 4 பைட் எடுக்கும் ஈமோஜியையும் ஒரு கமென்ட்டில் போடுங்கள். பழைய வகை டேட்டாபேஸ் அமைப்பு அதில் தடுக்கி விழும்.

கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளும் உண்டு. டெர்மினலிலிருந்து லாகை (நிகழ்வுப் பதிவை) அப்படியே நகலெடுத்து டிக்கெட்டில் ஒட்டும்போது உள்ளே வந்துவிடும். டேட்டாவை எழுதிவைக்கும் வடிவமான எக்ஸ்.எம்.எல். 1.0-இல் டேப், வரி முறிப்புக் குறிகள் தவிர, குறியீட்டு எண் 32-க்குக் கீழே உள்ள எந்தக் குறிக்கும் இடமில்லை. ஜிராவின் பழைய பேக்கப், எக்ஸ்.எம்.எல். ஃபைல்தான், இப்படி ஒரே ஒரு குறி இருந்து மொத்த இறக்குமதியும் நிற்பது அதை இயக்குபவர்களுக்கெல்லாம் பழக்கப்பட்ட தொல்லை. புதிய கருவியும் உள்ளே அதே வடிவத்தைப் பயன்படுத்தலாம். சோதித்துப் பாருங்கள். ஜிப் ஃபைலுக்கும் வரம்பு உண்டு: பழைய ஜிப் வடிவம் 65,535 உருப்படிகளுக்கு மேலோ 4 ஜி.பி.க்கு மேலோ தாங்காது, அதன் புதிய வடிவமான ஜிப்-64 வேண்டும். கருவி சரியாக எழுதியிருந்தாலும் நீங்கள் திறக்கும் மென்பொருள் பழையதாக இருந்தால் பாதி ஃபைல் காணாமல் போனதுபோல் தெரியும். குறை அறிக்கை அனுப்புவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

டேட்டா தயாரானதும், பேக்கப் எடுப்பதற்கு முன்பே கணக்கெடுத்து எழுதி வையுங்கள். ப்ராஜெக்ட் வாரியாக, மாத வாரியாக டிக்கெட் எண்ணிக்கை. கமென்ட், அட்டாச்மென்ட், இணைப்பு, நேரப்பதிவு, மாற்ற வரலாறு ஆகியவற்றின் எண்ணிக்கை. அட்டாச்மென்ட்டுகளின் மொத்த பைட். ஜிராவின் புதிய தேடல் ஏ.பி.ஐ. மொத்த எண்ணிக்கையைத் தருவதில்லை, எண்ணிக்கைக்கென்று இருக்கும் தனி அழைப்பும் தோராயமாகவே தரும். அதனால் பக்கம் பக்கமாக எடுத்து நீங்களே எண்ண வேண்டும். தோராயத்தைத் தோராயத்தோடு ஒப்பிட்டு "சரியாக இருக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள்.

அட்டாச்மென்ட்டுக்கு எண்ணிக்கை போதாது, உள்ளடக்கம் பொருந்த வேண்டும். இரண்டு பக்கமும் இறக்கி எஸ்.எச்.ஏ.-256 (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) போட்டு ஒப்பிடுங்கள். லட்சக்கணக்கில் இருந்தால் குலுக்கல் முறையில் எடுக்கலாம். நூற்றுக்கு ஒன்று கெட்டிருந்தால், குலுக்கி எடுத்த 300-இல் ஒன்றாவது சிக்கும் வாய்ப்பு 95 சதவீதம்; 460 எடுத்தால் 99. ஆனால் கெடுவது பெரும்பாலும் பெரிய ஃபைல்களும் விநோதப் பெயர் கொண்டவையும்தான் என்பதால், குலுக்கலோடு சேர்த்து மிகப் பெரிய 50 ஃபைலையும் தமிழ்ப் பெயர் கொண்ட அனைத்தையும் கட்டாயம் பாருங்கள்.

பலர் விட்டுவிடும் சோதனை இது: பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மக்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். டேட்டாபேஸை 10 மணிக்கும் அட்டாச்மென்ட்டுகளை 10.40-க்கும் நகலெடுத்தால் இரண்டும் பொருந்தாது. இதைப் பிடிக்க ஒரு சிறு ஸ்கிரிப்ட் போதும். 10 விநாடிக்கு ஒரு டிக்கெட் உருவாக்கட்டும். தலைப்பில் வரிசை எண், ஒரு கமென்ட், அதே எண்ணை உள்ளே எழுதிய ஒரு சிறு டெக்ஸ்ட் ஃபைல். பேக்கப் தொடங்குவதற்கு 5 நிமிடம் முன் ஸ்கிரிப்டை ஓடவிட்டு, முடிந்த பிறகு 5 நிமிடம் கழித்து நிறுத்துங்கள். ரீஸ்டோர் செய்த பிறகு மூன்று கேள்வி: கடைசியாக இருக்கும் எண் எது? அதுவரை இடையில் ஏதாவது விடுபட்டதா? ஒவ்வொரு எண்ணுக்கும் கமென்ட்டும் ஃபைலும் கூடவே இருக்கின்றனவா? கடைசி எண் 212 என்று நின்று, 1 முதல் 212 வரை மூன்றும் இருந்தால் கருவி ஒரே கணத்தைப் பிடித்திருக்கிறது. டிக்கெட் 212 வரையும் ஃபைல் 260 வரையும் இருந்தால் அது வெவ்வேறு நேரத்தில் எடுத்த துண்டுகளின் தொகுப்பு. அதுவும் பயன்படும்தான், ஆனால் ஆவணத்தில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசி எண் உருவான நேரத்தையும் பேக்கப் திரையில் காட்டும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். விபத்து நடந்தால் எவ்வளவு நேர வேலை போகும் என்பதை, அதாவது ஆர்.பி.ஓ.வை, விளம்பரத்திலிருந்து எடுக்காமல் இப்படி அளந்துகொள்ளலாம். பழைய ஜிரா பேக்கப்பை அட்டாச்மென்ட்டோடு 48 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் எடுக்க முடியும். புதிய கருவி அதைவிட எவ்வளவு நெருக்கமாக எடுக்கிறது என்பதுதான் உங்களுக்கு உண்மையான ஆதாயம்.

அடுத்து, ஒரே ஒரு ப்ராஜெக்ட்டை மட்டும் மீட்பது. நடைமுறையில் உங்களுக்கு அதிகம் தேவைப்படுவது இதுதான், கருவிகள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். ப்ராஜெக்ட் தனியாக நிற்பதில்லை. ஒர்க்ஃப்ளோ (டிக்கெட் கடந்துபோகும் நிலைகள்), ஸ்கிரீன், அனுமதித் திட்டம், கஸ்டம் ஃபீல்ட் எல்லாம் பிற ப்ராஜெக்ட்டுகளோடு பகிர்ந்தவை. மீட்கும்போது கருவி அவற்றைப் புதிதாக உருவாக்குகிறதா, இருப்பதோடு இணைக்கிறதா, மேலெழுதிவிடுகிறதா? புதிதாக உருவாக்கினால் கஸ்டம் ஃபீல்டின் எண் மாறும். 10045 என்று இருந்தது 10212 ஆகும். அந்த எண்ணை வைத்து எழுதிய ஃபில்டர், டாஷ்போர்டு, வெளி ஸ்கிரிப்ட் எல்லாம் பிழை எதுவும் காட்டாமலே வெறுமையாக நிற்கும். மேலெழுதினால் நிலைமை இன்னும் மோசம்: ஒரு ப்ராஜெக்ட்டை மீட்கப் போய் மற்ற 30 ப்ராஜெக்ட்டின் ஒர்க்ஃப்ளோ ஆறு மாதம் பின்னே போய்விடும். அதனால் மீட்ட ப்ராஜெக்ட்டை மட்டும் பார்க்காமல், தொடாத ப்ராஜெக்ட் ஒன்றையும் முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். அதே ரீஸ்டோரை இரண்டாம் முறையும் ஓட்டுங்கள். டிக்கெட்டுகள் இரட்டிப்பானால் குறை.

மூன்றாம் தரப்புக் கருவியா, அட்லாசியனுடைய கருவியா என்பதும் முக்கியம். வெளியிலிருந்து ஏ.பி.ஐ. வழியாக மீட்கும் கருவியால் டிக்கெட்டின் உருவாக்கத் தேதியைப் பழைய தேதியாக வைக்க முடியாது, ஜிராவின் ஏ.பி.ஐ. அதை அனுமதிப்பதில்லை. கமென்ட்டுகளும் கருவியின் கணக்குப் பெயரில், இன்றைய தேதியில் வந்து நிற்கும்; பழைய பெயரும் தேதியும் உள்ளே வரியாக எழுதப்பட்டிருக்கும். தணிக்கைக்கு டிக்கெட் வரலாற்றைக் காட்ட வேண்டிய நிறுவனத்துக்கு இது போதுமா என்று இப்போதே உங்கள் தணிக்கைக் குழுவிடம் கேட்டுவிடுங்கள்.

பேக்கப்பில் எது இல்லை என்ற பட்டியலைக் கருவிக்காரர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். பழைய ஜிரா பேக்கப்பில் ஆட்டோமேஷன் விதிகள் வராது, அவற்றைத் தனியே ஏற்றுமதி செய்ய வேண்டும். மார்க்கெட்பிளேஸில் (அட்லாசியனின் செயலிக் கடையில்) கிடைக்கும் செயலிகள் பலவற்றின் டேட்டா அந்தச் செயலிக்காரரின் சர்வரில் இருக்கும், அதுவும் வராது. உங்கள் குழு சோதனை மேலாண்மைக்கோ நேரக் கணக்குக்கோ தனிச் செயலி பயன்படுத்தினால், அதற்குத் தனி பேக்கப் வழி வேண்டும். பட்டியலை நம்பிவிடாமல் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி வைத்துப் பார்ப்பது நல்லது. ஏர்லி ஆக்சஸில் ஆவணம் கருவிக்கு ஒரு மாதம் பின்தங்கியிருப்பது சாதாரணம்.

பயனர்களும் அனுமதியும் தனிக் கதை. பேக்கப்பில் உள்ள ஒருவர் இலக்கு சைட்டில் இல்லையென்றால் அவருடைய டிக்கெட்டுகள் யார் பெயரில் வருகின்றன? எல்லாம் ரீஸ்டோர் செய்த அட்மின் பெயரில் வந்தால் ஏற்காதீர்கள். இன்னொரு ஆபத்து, பழைய பேக்கப் பழைய அனுமதிகளையும் கூட்டிவரும். போன மாதம் வேலையை விட்டவர், குழுவிலிருந்து நீக்கிய ஒப்பந்ததாரர், பொதுப் பார்வையிலிருந்து மூடிய ப்ராஜெக்ட், எல்லாம் மறுபடி திறந்துகொள்ளலாம். பேக்கப்புக்குப் பிறகு ஒருவரை நீக்கி, ரீஸ்டோர் செய்து, அவர் கணக்கில் நுழைந்து பாருங்கள். இதே காரணத்தால், தனிநபர் ஒருவர் தன் தகவலை அழிக்கச் சொல்லி நீங்கள் அழித்திருந்தால், அழித்தவற்றின் பதிவேடு ஒன்றை ஜிராவுக்கு வெளியே வையுங்கள். ஒவ்வொரு ரீஸ்டோருக்குப் பிறகும் அதை மறுபடி செயல்படுத்த வேண்டும். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர்.-இலும் அழிக்கக் கேட்கும் உரிமை இருக்கிறது. "பேக்கப்பிலிருந்து திரும்பி வந்துவிட்டது" என்பது பதிலாகாது.

நேரம் எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சிறு சைட்டில் அளந்து பெருக்கிச் சொல்லாதீர்கள், நேர்கோட்டில் வளராது. ஆனால் குறைந்தபட்ச நேரத்தைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். 500 ஜி.பி. அட்டாச்மென்ட்டை 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் நகர்த்த, முழு வேகம் கிடைத்தாலே 11 மணி நேரம்; நடப்பில் எழுபது சதவீத வேகம் என்றால் 16 மணி நேரம். ஏ.பி.ஐ. வழி மீட்பில் 2 லட்சம் டிக்கெட், ஒவ்வொன்றுக்கும் 5 அழைப்பு, விநாடிக்கு 10 அழைப்பு என்று வைத்தால் 28 மணி நேரம் ஆகும். இடையில் 429 (அழைப்புகள் அதிகம்) என்ற மறுப்பு வரும்போது, எத்தனை விநாடி காத்திருக்கச் சொல்கிறதோ அதைக் கருவி மதிக்கிறதா என்று லாகில் பாருங்கள். மதிக்காமல் முட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் தாமதமாகும், சில பதிவுகள் விட்டும் போகலாம். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவையான கிட்லேப் தன் டேட்டாபேஸை இழந்தபோது, மீட்கக் கிடைத்த நகலை மெதுவான டிஸ்க்கிலிருந்து கொண்டுவரவே சுமார் 18 மணி நேரம் ஆனது.

அந்த கிட்லேப் சம்பவத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. தினமும் பேக்கப் ஓடுவதாக நினைத்திருந்தார்கள். அவர்களுடைய டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸின் 9.6 பதிப்பு, பேக்கப் கட்டளையோ 9.2 பதிப்பில் ஓடி, ஒவ்வொரு முறையும் தோற்றது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலை, அனுப்புநர் சரிபார்ப்பு இல்லை என்று மின்னஞ்சல் சர்வரே நிராகரித்துவிட்டது. சேமிப்பிடம் காலியாக இருந்தது யாருக்கும் தெரியவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்நேரத்து நகல்தான் காப்பாற்றியது. ஆகவே கருவியை வேண்டுமென்றே உடையுங்கள். அணுகல் டோக்கனை (கடவுச்சொல்லுக்குப் பதில் கருவி காட்டும் அனுமதிச் சீட்டை) ரத்து செய்யுங்கள். சேமிப்பிடத்தின் எழுதும் அனுமதியைப் பிடுங்குங்கள். ரீஸ்டோர் பாதியில் இருக்கும்போது நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடத்தில், யாருக்கு, எந்த வழியில் எச்சரிக்கை வந்தது என்று குறியுங்கள். எச்சரிக்கையே வராத தோல்வி ஒன்று கண்டாலும் அது மிக உயர்ந்த தீவிரக் குறை. பாதியில் நின்ற ரீஸ்டோர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா, முழுதாகப் பின்வாங்குகிறதா, அரைகுறையாக விட்டுவிட்டுப் போகிறதா என்றும் எழுதுங்கள்.

எச்சரிக்கைகளில் 'பேக்கப்பே நடக்கவில்லை' என்பதற்கும் அறிவிப்பு வேண்டும். தோற்றால் மட்டும் மின்னஞ்சல் அனுப்பும் கருவி, கருவியே நின்றுபோனால் அமைதியாக இருக்கும். வெளியே ஒரு சிறு கண்காணிப்பு வைத்து, "கடைசி வெற்றி 26 மணி நேரத்துக்கு முன்" என்றால் கத்தச் சொல்லுங்கள்.

சேமிப்பிடம் பற்றிச் சுருக்கமாக. பேக்கப் அதே நிறுவனத்தின் அதே கணக்கில் மட்டும் இருந்தால் 2022-இல் நடந்தது போன்றதற்கு அது காப்பல்ல. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கூகுள் கிளவுட் பிரைவேட் கிளவுட், அமைக்கும்போது வெறுமையாக விடப்பட்ட ஒரு மதிப்பின் காரணமாக அழிந்தது. இரண்டு இடங்களில் நகல் வைத்திருந்தும் இரண்டும் போயின. வேறொரு சேவையாளரிடம் வைத்திருந்த பேக்கப் மீட்புக்குக் கைகொடுத்தது. உங்கள் கருவி பேக்கப் ஃபைலை வெளியே இறக்க விடுகிறதா, இறக்கியதை அந்தக் கருவி இல்லாமல் திறந்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். மறையாக்கம் செய்திருந்தால் சாவி யாரிடம்? சாவியை மாற்றிய பிறகு பழைய பேக்கப் திறக்கிறதா? அமேசானின் சேமிப்பிடமான எஸ்-3-இல் வைத்து ஆப்ஜெக்ட் லாக் (அழிக்க விடாத பூட்டு) போடுவதாக இருந்தால், சோதனைக் காலத்தில் கவர்னன்ஸ் முறையே போதும். கம்ப்ளையன்ஸ் முறையில் காலம் முடியும்வரை முழு அதிகாரமுள்ள ரூட் கணக்காலும் அழிக்க முடியாது. சோதனைக் குப்பைக்கு மாதக்கணக்கில் பணம் கட்டுவீர்கள்.

ஏர்லி ஆக்சஸுக்கே உரிய சோதனை ஒன்று பாக்கி. முதல் வாரம் எடுத்த பேக்கப் ஒன்றை அழிக்காமல் வையுங்கள். கருவி இரண்டு மூன்று முறை புதுப்பிக்கப்பட்ட பிறகு, ஆறாவது வாரம் அதை ரீஸ்டோர் செய்யுங்கள். வடிவம் மாறியிருந்தால் பழைய பேக்கப் ஏறாது, அல்லது ஏறிவிட்டுச் சில ஃபீல்டுகளை விழுங்கிவிடும். நாளைய கருவியால் நேற்றைய பேக்கப்பைத் திறக்க முடியவில்லை என்றால், எடுத்து வைத்து என்ன பயன்? இதற்கு அவர்கள் உறுதி தருவார்களா என்று நேராகக் கேளுங்கள்.

குறை எழுதும்போது வேலையின் ஐடி, தொடங்கிய, முடிந்த நேரம் (உலகப் பொது நேரமான யு.டி.சி.யில், நம் நேரத்திலிருந்து 5.30 மணி கழிக்க வேண்டும்), எதிர்பார்த்த எண்ணிக்கை, கிடைத்த எண்ணிக்கை, விடுபட்ட இரண்டு மூன்று டிக்கெட் எண்கள் ஆகியவை இருந்தால் அவர்களால் அன்றே தேட முடியும். "சில அட்டாச்மென்ட் வரவில்லை" என்ற வரியை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. பிரவுசரின் எச்.ஏ.ஆர். ஃபைலைக் (பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே போனதையெல்லாம் பதிந்த ஃபைல்) கேட்டால் அப்படியே அனுப்பாதீர்கள். உங்கள் நுழைவு குக்கீயும் டோக்கனும் அதற்குள் இருக்கும். 2023-இல் கணக்கு நுழைவுச் சேவை தரும் ஓக்டா நிறுவனத்தின் ஆதரவுப் பிரிவிலிருந்து திருடப்பட்டவை வாடிக்கையாளர்கள் ஏற்றிய அத்தகைய ஃபைல்கள்தாம்; அவற்றிலிருந்த டோக்கன்களைக் கொண்டு வாடிக்கையாளர் கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். குக்கீ, ஆதரைசேஷன் வரிகளை நீக்கிவிட்டு, சோதனைக் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகு அனுப்புங்கள்.

ஆள் கணக்கு: இரண்டு பேர், ஆறு வாரம், வாரத்துக்கு ஆளுக்கு அரை நாள் என்றால் நிதானமாக முடியும். ஒருவர் பேக்கப்பும் கணக்கெடுப்பும் செய்யட்டும். ரீஸ்டோரை மற்றவர், ஆவணத்தை மட்டும் பார்த்து, முதலாமவரிடம் எதுவும் கேட்காமல் செய்யட்டும். உண்மையான விபத்து நாளில் கருவி தெரிந்தவர் விடுப்பில் இருக்கலாம். ஆவணத்தில் எங்கே ஓட்டை என்று இப்படித்தான் தெரியும். சோதனை ப்ராஜெக்ட்டையும் ஸ்கிரிப்டையும் முடிந்ததும் அழித்துவிடாதீர்கள். பொது வெளியீடு வரும் அன்று முதல் வேலையாக அதே 200 டிக்கெட்டையும் அதே எண்ணிக்கைத் தாளையும் எடுத்து மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும். பழைய பேக்கப்பை நிறுத்துவதா என்ற கேள்வியை அதற்கு அடுத்த நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.